சுவருக்குள் நடக்கும் பேச்சு: நுரையீரல் தமனிச் செல்களோடு சில ஆண்டுகள்

நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் என்றதும் கையில் பட்டை கட்டி அளக்கும் அழுத்தம்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. இது வேறு. இதயத்தின் வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் ஏறுகிற அழுத்தம் இது. நலமாக இருப்பவர் ஓய்வாகப் படுத்திருக்கும்போது அந்தத் தமனியின் சராசரி அழுத்தம் 14 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்கும். 20-ஐத் தாண்டினால் நோய் என்பது இப்போதைய வரையறை. 2018 வரை அந்தக் கோடு 25-இல் இருந்தது. கைப்பட்டையில் இது தெரியாது. எக்கோ பரிசோதனை சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி அளந்தால்தான் உறுதி.

நான் மருத்துவரில்லை. நோயாளிகளிடமிருந்து கிடைக்கும் நுரையீரல் தமனிச் செல்களை வளர்த்து, அவை ஒன்றுக்கொன்று என்ன அனுப்பிக்கொள்கின்றன என்று பார்க்கும் ஆய்வகத்தில் சில ஆண்டுகளாக வேலை. அங்கே கற்றதை இரண்டு தரப்பினரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு தரப்பு, இதே வேலைக்குள் புதிதாக வரும் மாணவர்கள். இன்னொரு தரப்பு, வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்து, எதற்கு இத்தனை மருந்து என்று குழம்பி நிற்பவர்கள். இரண்டாம் தரப்பினர் நடுவில் வரும் மருந்துப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்கு வருத்தமில்லை.

தமனிச் சுவரை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே ரத்தத்தைத் தொட்டபடி ஒரே அடுக்காக எண்டோதீலியல் செல்கள். இவற்றை உட்சுவர்ச் செல்கள் என்றே இனி குறிப்பிடுகிறேன். அதற்கு வெளியே சுருங்கி விரியும் மென்தசைச் செல்கள். அதற்கும் வெளியே நார்ப்பொருளை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளும், வந்து தங்கும் நோயெதிர்ப்புச் செல்களும். நோயில் இந்தச் சுவர் தடிக்கிறது, குழாயின் உள்வழி குறுகுகிறது, சில இடங்களில் அடைத்தே போகிறது. வலது இதயம் அந்த எதிர்ப்பை மீறித் தள்ளித் தள்ளி ஒரு கட்டத்தில் தளர்ந்துவிடுகிறது. நோயாளியின் உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தத் தளர்ச்சிதான்.

தடித்திருப்பது தசை என்பதால், தசைச் செல்லைப் பிடித்தால் போதும் என்று தோன்றும். ஆய்வகங்கள் பலவற்றிலும் வேலை அப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கும்: ஒருவர் மென்தசை, இன்னொருவர் உட்சுவர், மூன்றாமவர் ஃபைப்ரோபிளாஸ்ட். எனக்கு வந்தது மென்தசை. நலமானவரின் மென்தசைச் செல்லையும் நோயாளியின் மென்தசைச் செல்லையும் அருகருகே வைத்து வளர்த்தால், முதலில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். நோயாளியின் செல் வேகமாகப் பெருகும், எளிதில் சாகாது. ஆனால் பாஸேஜ் எண், அதாவது செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றிய தடவைகள், ஏற ஏற, நலமானவரின் செல்லும் அதே பக்கம் நகர்ந்துவிடும். சுருங்குவதற்கான புரதங்களைக் குறைத்துக்கொண்டு, பெருகுவதற்கும் நகர்வதற்கும் இழைமங்களைச் சுரப்பதற்கும் தயாராகிவிடும். மென்தசைச் செல்லின் இயல்பே அது. சீரமும் கடினமான பிளாஸ்டிக்கும் கிடைத்தால் அப்படி மாறும். தமனியில் அதை அடக்கி வைத்திருந்த அண்டைச் செல்கள் இந்தத் தட்டில் இல்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது: கால்போனின், மென்தசை மயோசின் ஆகிய இரண்டு சுருங்கும் தசைப் புரதங்களையும் ஒவ்வொரு தொகுப்பிலும் சாயமிட்டுப் பாருங்கள். ஆக்டின் மட்டும் போதாது, அது கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். உட்சுவர்ச் செல்லுக்கு அடையாளப் புரதங்கள் சிடி-31, விஇ-காட்ஹெரின். எந்தப் பாஸேஜுக்கு மேல் பயன்படுத்தமாட்டோம் என்பதைச் சோதனை தொடங்குவதற்கு முன்பே தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். தொடங்கிய பிறகு தீர்மானித்தால் கையில் இருக்கும் செல்லுக்கு ஏற்ற எண்தான் வரும்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. உடலின் மற்றத் தமனிகளில் ஓடுவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். நுரையீரல் தமனியில் ஓடுவதோ உடலெல்லாம் சுற்றி ஆக்சிஜனை இழந்து வந்த ரத்தம். அதில் ஆக்சிஜன் அழுத்தம் 40 மி.மீ. பாதரசத்தை ஒட்டித்தான் இருக்கும், அதாவது ஏறக்குறைய 5 சதவீதத்துக்குச் சமம். நாம் இன்குபேட்டரில் ஏறக்குறைய வெளிக்காற்றின் ஆக்சிஜனிலேயே வளர்க்கிறோம். தட்டின் விறைப்பும் அப்படியே: நுரையீரல் திசுவின் விறைப்பைக் கிலோபாஸ்கலில் சொல்வார்கள், வளர்ப்புத் தட்டின் விறைப்பு ஜிகாபாஸ்கலில். சுவர் விறைப்பதே மென்தசையையும் உட்சுவரையும் பெருகத் தூண்டும் ஒரு செய்தி என்பது இப்போது நன்றாகத் தெரிந்த விஷயம். நலமான செல்லை நோயாளியின் சுவரைவிடக் கடினமான இடத்தில் வைத்துக்கொண்டு ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்கிறோம். மென்மையான ஜெல் மீது வளர்ப்பது தொல்லைதான். ஆனாலும் முக்கியமான முடிவை ஒரு தடவையாவது அதில் சரிபார்க்காமல் எழுத வேண்டாம்.

செல்கள் பேசிக்கொள்வதைக் கேட்கும் வழிகள் புதிதில்லை. 1980-இல் ராபர்ட் ஃபர்ச்காட்டும் ஜான் சவாட்ஸ்கியும் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனையை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் மூலக் கட்டுரையிலேயே படிக்க வேண்டும். அசிட்டைல்கோலின் கொடுத்தால் தமனி தளர்கிறது. உட்சுவரைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளர்வதில்லை. அதோடு நின்றிருந்தால் உட்சுவர் தேவை என்பது மட்டும் தெரிந்திருக்கும். அவர்கள் உட்சுவர் இல்லாத தமனித் துண்டின் மேல், உட்சுவர் உள்ள இன்னொரு துண்டை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தார்கள். இப்போது தளர்ந்தது. உட்சுவரிலிருந்து ஏதோ ஒன்று வெளியேறி, கடந்துபோய்த் தசையைத் தளர்த்துகிறது என்று அதில் தெளிவானது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னால் தெரிந்து, 1998-இல் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. நீக்கிப் பார், பிறகு திருப்பிக் கொடுத்துப் பார் என்ற அந்த இரண்டு படிகளில் இரண்டாவதைத் தாண்டிவிடும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

எண்டோதீலினும் இதே போல்தான். உட்சுவர்ச் செல்கள் வளர்ந்த மீடியத்தை (ஊட்டக் கரைசலை) எடுத்துத் தமனித் துண்டின் மேல் ஊற்றினால் அது சுருங்குகிறது என்று 1985-இல் தெரிந்தது; 1988-இல் ஜப்பானின் சுகுபாவில் யானகிசாவா, மசாகி குழுவினர் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். நுரையீரல் உயர் ரத்த அழுத்தத்தில் தமனியின் உட்சுவர் இதை அதிகம் தயாரிக்கிறது என்று 1993-இல் நோயாளிகளின் நுரையீரல் திசுவிலேயே காட்டப்பட்டது. மூன்றாவது செய்தி புரோஸ்டாசைக்ளின், 1976-இல் கண்டறியப்பட்டது. தசையைத் தளர்த்தும், தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். நோயில் இதன் உற்பத்தி குறைகிறது.

இங்கேதான் மருந்துப் பகுதி வருகிறது. நோயாளிகளின் குடும்பத்தினர் கூடும் இடங்களுக்கு எங்கள் ஆய்வகத்திலிருந்து யாராவது போவது வழக்கம். அங்கே எனக்கு அதிகம் வந்த கேள்வி, “ஒரே நோய்க்கு ஏன் மூன்று வகை மருந்து? ஒன்றைக் கூட்டிக் கொடுத்தால் ஆகாதா?” என்பது. உட்சுவர் தசைக்கு அனுப்பும் மூன்று செய்திகள் தனித்தனி வழியில் போகின்றன, மூன்றும் தனித்தனியாகக் கெட்டிருக்கின்றன என்று சொன்னால் பெரும்பாலோருக்குப் புரிந்துவிடும். சுருக்கும் செய்தி அதிகமாகிவிட்டது. அதைத் தசை கேட்காமல் தடுப்பவை போசென்டான், ஆம்பிரிசென்டான், மாசிடென்டான். நைட்ரிக் ஆக்சைடின் செய்தி மெலிந்துவிட்டது. அது தசைக்குள் உண்டாக்கும் சிஜிஎம்பி என்ற பொருள் சீக்கிரம் அழியாமல் காப்பவை சில்டெனாஃபில், டடாலாஃபில். அதை உண்டாக்கும் நொதியையே தூண்டுவது ரியோசிகுவாட். புரோஸ்டாசைக்ளின் குறைந்துவிட்டது, அதற்கு மாற்று எபோபுரோஸ்டினால், டிரெப்ரோஸ்டினில், புரோஸ்டாசைக்ளினின் செய்தியைத் தசைச் செல்லில் வாங்கும் ஏற்பியைத் தூண்டும் செலக்சிபாக். ஒரு வழியில் மருந்தைக் கூட்டுவதால் மற்ற இரண்டு வழிகள் சரியாகிவிடாது. 2015-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் ஆம்பிரிசென்டானையும் டடாலாஃபிலையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுத்தவர்கள், ஒன்றை மட்டும் எடுத்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

இந்த வழிகள் புரிந்தால் எச்சரிக்கைகளும் தாமாகவே புரியும். சில்டெனாஃபிலையும் ரியோசிகுவாட்டையும் ஏன் சேர்க்கக் கூடாது? இரண்டும் சிஜிஎம்பியை ஏற்றுபவை. உடல் முழுவதும் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு இவை சேரக் கூடாது என்பதற்கும் அதே காரணம். ஆகவே வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மருந்துப் பட்டியல் கையில் இருக்கட்டும். எபோபுரோஸ்டினாலைப் பம்பு வழியாக இடைவிடாமல் சிரைக்குள் செலுத்துவதற்குக் காரணம், அது ரத்தத்தில் சில நிமிடங்களே தாங்கும் என்பது. பம்பு நின்றால் செய்தியும் உடனே நின்றுவிடும், அழுத்தம் திடீரென ஏறும். மாற்றுப் பம்பு, மாற்று பேட்டரி, அழைக்க வேண்டிய எண் மூன்றும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். எண்டோதீலின் தடுப்பு மருந்துகள் கருவில் வளரும் குழந்தைக்குக் கேடு செய்யும். அதுவும் போதாதென்று இந்த நோயில் கர்ப்பமே தாய்க்குப் பெரிய ஆபத்து. இந்தப் பேச்சை மருத்துவர் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே எடுங்கள். எந்த மருந்தையும் நன்றாகத்தான் இருக்கிறதே என்று தாமாக நிறுத்துவது இந்த நோயில் மிக ஆபத்தானது. சரி, ஆய்வகத்துக்குத் திரும்புகிறேன்.

மேலே சொன்ன மூன்றும் பெரும்பாலும் சுருங்குவது, விரிவது பற்றிய செய்திகள். சுவர் ஏன் தடிக்கிறது என்பதற்கு அவை பாதி விடைதான். பெருகச் சொல்லும் செய்திகளும் போகின்றன. இதில் எனக்குப் பிடித்த சோதனை 2006-இல் வெளியானது. நோயாளிகளின் உட்சுவர்ச் செல், நலமானவர்களின் உட்சுவர்ச் செல், இரண்டின் மீடியத்தையும் எடுத்து நோயாளியின் தசை, நலமானவரின் தசை இரண்டின் மேலும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். நான்கு சேர்க்கைகள். நோயாளியின் உட்சுவரிலிருந்து வந்த மீடியம் எந்தத் தசையையும் கூடுதலாகப் பெருகச் செய்தது. நோயாளியின் தசையோ எந்த மீடியத்துக்கும் கூடுதலாகத் துள்ளியது. அதாவது அனுப்புபவர் அதிகம் அனுப்புகிறார், பெறுபவரும் அதிகம் கேட்கிறார். அந்தச் செய்தியில் செரோட்டோனினுக்குப் பெரும் பங்கு இருந்தது. 1960-களில் அமினோரெக்ஸ், 1997-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட ஃபென்ஃபுளூரமின் ஆகிய உடல் எடை குறைப்பு மருந்துகள் இந்த நோயைக் கொண்டுவந்ததை நினைத்துப் பார்த்தால் செரோட்டோனின் மேல் சந்தேகம் ஏன் வந்தது என்பது புரியும். எஃப்ஜிஎஃப்-2, பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிகளும் இதே பாதையில் போகின்றன.

இந்த நான்கு சேர்க்கை வடிவமைப்பை விட்டுவிடாதீர்கள். நோயாளியின் உட்சுவரை நோயாளியின் தசையோடு மட்டும் சேர்த்து, நலமானதை நலமானதோடு மட்டும் ஒப்பிட்டால், வித்தியாசம் வாயிலிருந்து வந்ததா காதிலிருந்து வந்ததா என்று சொல்லவே முடியாது.

மீடியத்தை மாற்றி ஊற்றுவது பார்க்க எளிது. இங்கேதான் நேரம் அதிகம் போகும். உட்சுவர்ச் செல்லுக்கு வாங்கும் மீடியத்திலேயே விஇஜிஎஃப், எஃப்ஜிஎஃப்-2, இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணிகள் எல்லாம் கலந்திருக்கும். பல தயாரிப்புகளில் ஹெப்பாரினும் ஹைட்ரோகார்டிசோனும் இருக்கும். எஃப்ஜிஎஃப்-2 தசையைப் பெருக்கும், ஹெப்பாரின் தசை பெருகுவதைத் தடுக்கும். ஆக செல் எதுவும் அனுப்பாமலேயே தட்டில் ஒரு விளைவு வந்துவிடும், எந்தப் பக்கம் வரும் என்பதுதான் நிச்சயமில்லை. அதனால் மீடியம் சேகரிப்பதற்கு முன் செல்களைக் கழுவி, வளர்ச்சிக் காரணி சேர்க்காத அடிப்படை மீடியத்துக்கு மாற்றிவிட வேண்டும். செல்லே இல்லாத தட்டில் அதே நேரம் இன்குபேட்டரில் கிடந்த மீடியம் ஒரு கட்டுப்பாடு. தசைச் செல்லே வளர்ந்த மீடியம் இன்னொரு கட்டுப்பாடு. அது இல்லையென்றால், சர்க்கரை தீர்ந்து அமிலம் கூடியதால் வந்த மாற்றத்தைச் செய்தி என்று நம்பிவிடுவோம். சேகரித்த மீடியத்தைச் செல் எண்ணிக்கையாலோ புரத அளவாலோ சமப்படுத்துங்கள். நோயாளியின் உட்சுவர்ச் செல்லும் வேகமாகப் பெருகக்கூடியது. அதிகச் செல், அதிகச் சுரப்பு என்பது ஒரு கண்டுபிடிப்பாகாது.

இந்த முறையில் கேட்கவே முடியாத செய்திகளும் உண்டு. நைட்ரிக் ஆக்சைடு நொடிகளில் மறைந்துவிடும். மீடியத்தைக் குழாயில் எடுத்து மூடி திருகுவதற்குள் அது இருக்காது. நைட்ரைட்டை அளந்து ஊகிக்கலாம், அல்லது தசைக்குள் சிஜிஎம்பியை அளக்கலாம். புரோஸ்டாசைக்ளினை நேரடியாக அளக்க முயலாதீர்கள். அது உடைந்து உருவாகும் 6-கீட்டோ-பிஜிஎஃப்-1-ஆல்ஃபா நிலையானது, அதை அளப்பதுதான் நடைமுறை.

அடுத்த படி, இன்செர்ட் என்ற, அடியில் துளையுள்ள சவ்வு வைத்த, தட்டுக்குள் பொருத்தும் சிறு கிண்ணம். மேலே ஒரு செல், கீழே ஒரு செல். இதில் மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, தசையைக் கீழ்த் தட்டின் அடியில் வளர்ப்பதும், அதே சவ்வின் மறுபக்கத்தில் வளர்ப்பதும் ஒன்றல்ல. முதலாவதில் இரண்டும் தொடவே முடியாது. இரண்டாவதில் 0.4 மைக்ரான் துளை வழியாகக்கூடச் செல்கள் மெல்லிய நீட்சிகளை நுழைத்துத் தொட்டுக்கொள்ளும். உண்மையான சிறு தமனியில் இடைப்படலத்தின் ஓட்டைகள் வழியே அவை தொட்டுக்கொள்வது போலவே. எதைச் செய்தீர்கள் என்று முறைப் பகுதியில் ஒரு வரி எழுதினால் அடுத்தவருக்கு எவ்வளவோ உதவி. இரண்டு, உட்சுவர்ச் செல்லுக்கு மேல், கீழ் உண்டு. எண்டோதீலினின் பெரும்பகுதியை அது ரத்தம் ஓடும் பக்கம் விடுவதில்லை, தசை இருக்கும் பக்கமே விடுகிறது. மேல் அறையின் மீடியத்தை மட்டும் அளந்தால் குறைவாகத்தான் தெரியும். நோயாளியின் ரத்தத்தில் எண்டோதீலினை அளந்து சுவருக்குள் நடப்பதைச் சொல்லிவிட முடியாததற்கும் இது ஒரு காரணம். மூன்று, 0.4 மைக்ரான் என்பது 400 நானோமீட்டர். செல்கள் வெளிவிடும் நுண்பைகளில் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. ‘இன்செர்ட் வைத்தேன், ஆகவே கரையும் பொருள்தான் காரணம்’ என்ற வாதம் நிற்காது.

நுண்பைகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தசைச் செல்லிலிருந்து மைக்ரோ-ஆர்என்ஏ 143 என்ற சிறு ஆர்என்ஏ துண்டைச் சுமந்து வெளியேறும் நுண்பைகள் உட்சுவர்ச் செல்லின் நடத்தையை மாற்றுகின்றன என்று 2015-இல் காட்டப்பட்டது. செய்தி எப்போதும் உள்ளிருந்து வெளியே மட்டும் போவதில்லை என்பதற்காகவே இந்தச் சோதனையை மாணவர்களிடம் எடுத்துச் சொல்வேன். செய்முறையில் பெரிய சிக்கல் கன்றுக்குட்டிச் சீரம். அதிலேயே நுண்பைகள் ஏராளம். சீரத்தை இரவு முழுக்க 1,00,000 ஜி வேகத்தில் சுழற்றி நுண்பைகளை நீக்கியோ, சீரமே இல்லாமலோதான் சேகரிக்க வேண்டும். பிறகு, ஆர்என்ஏ உண்மையில் பைக்குள் இருக்கிறதா, வெளியே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஆர்என்ஏ-வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிட்டர்ஜென்ட் சேர்த்துப் பையை உடைத்தும், உடைக்காமலும். இந்த இரண்டு குழாய்கள் இல்லாத படத்தை நான் நம்புவதில்லை.

தொட்டால் மட்டுமே போகும் செய்திகள் தனி வகை. நாட்ச் என்ற ஏற்பியும் அதைத் தூண்டும் ஜாக்டு என்ற புரதமும் இரண்டு செல்களின் மேற்பரப்பிலும் பதிந்தவை; பக்கத்தில் வந்து ஒட்டினால்தான் வேலை நடக்கும். மென்தசையில் நாட்ச்-3 அதிகமாவதற்கும் நோயின் தீவிரத்துக்கும் தொடர்பு உண்டு என்று 2009-இல் வெளியானது. இந்த வகைச் செய்தியை மீடியம் மாற்றும் முறையில் ஆயுள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. செல்லிலிருந்து செல்லுக்கு நேராகத் திறக்கும் கேப் ஜங்ஷன்களும் அப்படியே. இவை கனெக்சின் என்ற புரதங்களால் ஆனவை.

கனெக்சின் பற்றி ஒரு சோதனையை விரிவாகச் சொல்ல வேண்டும். நுரையீரலின் ஒரு பகுதிக்குக் காற்று சரியாகப் போகவில்லையென்றால், அந்தப் பகுதிக்கு ரத்தம் கொண்டுவரும் சிறு தமனி சுருங்கிவிடும். ரத்தம் நல்ல காற்றுள்ள பகுதிக்குத் திரும்பும். உடலின் மற்ற இடங்களில் ஆக்சிஜன் குறைந்தால் தமனி விரிகிறது, இங்கே மட்டும் நேர்மாறு. 1946-இல் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் கண்டு விவரித்தார்கள். நெடுநாள் இருந்த புதிர் என்னவென்றால், ஆக்சிஜன் குறைவு தெரிவது காற்றறையை ஒட்டிய நுண்குழாய்களில். சுருங்க வேண்டியதோ அதற்கு மேற்புறம், ரத்தம் வரும் வழியில் உள்ள சிறு தமனி. ரத்த ஓட்டத்துக்கு எதிராகச் செய்தி எப்படிப் போகிறது? சுண்டெலிகளில் செய்த ஆய்வு ஒன்று 2012-இல் இதற்கு விடை தந்தது. நுண்குழாயின் உட்சுவர்ச் செல் மின்னழுத்தத்தில் மாறுகிறது. அந்த மாற்றம் கனெக்சின்-40 வழியே உட்சுவர்ச் செல்லிலிருந்து உட்சுவர்ச் செல்லுக்குத் தொடர்ந்து பரவி, மேலே போய்த் தசையைச் சுருக்குகிறது. கனெக்சின்-40 இல்லாத சுண்டெலியில் இந்தச் சுருக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. தனித்த தசைச் செல்லை ஆக்சிஜன் குறைந்த பெட்டியில் வைத்து எத்தனை நாள் பார்த்தாலும் இந்தப் பாதை தெரிந்திருக்காது.

இதில் நோயாளிகளுக்கும் ஒரு சேதி இருக்கிறது. நுரையீரல் நார்த்தடிப்பு போன்ற நோயால் அழுத்தம் ஏறியவர்களுக்கு, இந்த இயற்கைச் சுருக்கம்தான் ஆக்சிஜனை ஓரளவு காப்பாற்றிக்கொண்டிருக்கும். மாத்திரையாகக் கொடுக்கும் விரிப்பான் எல்லா இடத்திலும் தமனியை விரித்து, காற்றே போகாத பகுதிக்கும் ரத்தத்தை அனுப்பிவிடலாம். நார்த்தடிப்பு உள்ளவர்களில் ஆம்பிரிசென்டானும் ரியோசிகுவாட்டும் கேடு செய்ததால் அந்தச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. மூச்சோடு உள்ளிழுக்கும் டிரெப்ரோஸ்டினில் காற்றுப் போகும் பகுதிக்கு மட்டும் போய்ச்சேரும். அது 2021-இல் இதே வகை நோயாளிகளுக்குப் பயன் தந்தது. உறவினர் ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை நமக்கும் கேட்பதற்கு முன், நம்முடையது எந்த வகை நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது இதனால்தான். ஐந்து வகைகள் உண்டு.

வெளிச்சுவர் பற்றிச் சுருக்கமாக: அங்குள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் புரதங்களைச் சுரந்து மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களைக் கிளப்பிவிடுகின்றன. உட்சுவர்ச் செல்கள் அனுப்பும் எஃப்ஜிஎஃப்-2, இன்டர்லூகின்-6 ஆகியவற்றால் நுண்குழாய்களை வெளியே ஒட்டியிருக்கும் பெரிசைட் செல்கள் பெருகி நுண்தமனியைச் சூழ்ந்துகொள்கின்றன. இரண்டு செல்லை மட்டும் வைத்துச் செய்த சோதனையில் விடை வந்துவிட்டது என்று மகிழும்போது இவற்றை நினைத்துக்கொள்வது நல்லது.

மரபணுப் பக்கம் வந்தால், பிஎம்பிஆர்-2 என்ற ஏற்பிக்கான மரபணு. நோயோடு அதற்குள்ள தொடர்பை 2000-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டறிந்தன. குடும்பத்தில் பரவும் நுரையீரல் தமனி உயர் ரத்த அழுத்தத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினரிடம் இந்த மரபணுவில் மாற்றம் இருக்கிறது. ஆனால் மாற்றம் இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெண்களில் 42 சதவீதம், ஆண்களில் 14 சதவீதம் என்பது அதிகம் மேற்கோள் காட்டப்படும் கணக்கு. இந்த ஏற்பி உட்சுவர்ச் செல்லில் மிகுதி. அதன் வேலை குறைந்தால் உட்சுவர் சேதமடைகிறது, தசைக்குப் பெருகச் சொல்லும் செய்திகள் கூடுகின்றன. அதோடு ஆக்டிவின் என்ற புரதம் வழியாக வரும், பெருகச் சொல்லும் எதிர்ப்பக்கச் செய்தியின் கை ஓங்குகிறது. சோடாடெர்செப்ட் என்ற ஊசி மருந்து இந்த ஆக்டிவின் வகைப் பொருட்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடுவது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. பழைய மருந்துகளோடு இதைச் சேர்த்துக் கொடுத்த சோதனையில், 24 வாரத்துக்குப் பிறகு ஆறு நிமிட நடைத் தூரம் போலி மருந்து எடுத்தவர்களைவிட ஏறக்குறைய 41 மீட்டர் கூடியது. ஹீமோகுளோபின் ஏறும், மூக்கில் ரத்தம் வரலாம், தோலில் நுண்குழாய்கள் விரிந்து தெரியலாம். ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனை கேட்பது அதனால்தான். செல்களுக்கிடையே பெருகச் சொல்லும் செய்தியையே குறிவைத்த மருந்து ஒன்று நோயாளிகளுக்குக் கிடைத்தது, மேலே சொன்ன மூன்று விரிப்பான் வழிகளுக்குப் பிறகு நடந்த பெரிய மாற்றம் என்பது என் கருத்து.

இப்போது புதிதாக வரும் மாணவர்கள் பலரும் தட்டைத் தொடுவதற்கு முன் கணினியில் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும் தனிச்செல் ஆர்என்ஏ தரவை செல்சாட், செல்ஃபோன்டிபி போன்ற நிரல்களில் போட்டால், எந்தச் செல் எதனோடு பேசுகிறது என்று வண்ண வட்டங்கள் வரும். அழகாக இருக்கும். இரண்டு வீட்டிலும் போன் இருக்கிறது என்பதுதான் அந்தப் படம் சொல்வது. அவர்கள் பேசிக்கொண்டார்கள் என்று அது சொல்லவில்லை. ஆர்என்ஏ இருந்தால் புரதம் இருக்கும் என்று நிச்சயமில்லை. புரதம் இருந்தாலும் அந்த இரண்டு செல்களும் நுரையீரலில் அருகருகே இருக்கின்றனவா என்பது வேறு கேள்வி. பெரிய தமனியின் தசையும் நுண்குழாயின் உட்சுவரும் சந்திப்பதே இல்லை. பட்டியலில் மேலே வந்த ஜோடியை எடுத்துத் திசு வெட்டில் சாயமிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே தமனிச் சுவரில் தெரிந்தால் மட்டும் தட்டுக்கு வாருங்கள். பிறகு ஏற்பியைத் தடுத்துப் பாருங்கள், அனுப்பும் செல்லில் அந்த மரபணுவை நீக்கிப் பாருங்கள், திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். ஃபர்ச்காட்டின் வரிசைதான்.

விலங்கு மாதிரிகளிலும் எந்தப் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதைப் பொறுத்தே தேர்வு. மோனோகுரோட்டலின் என்ற தாவர நஞ்சு உட்சுவரைத் திடீரெனப் புண்ணாக்குகிறது. மாற்றம் வேகமாக வரும், ஆனால் மனித நோயில் காணும் சிக்கலான அடைப்புகள் அதில் கிடைப்பது அரிது. விஇஜிஎஃப் ஏற்பியைத் தடுக்கும் எஸ்யு-5416 ஊசியும் 10 சதவீத ஆக்சிஜனில் மூன்று வாரமும் சேர்ந்த எலி மாதிரியில், பல வாரம் பொறுத்தால் அவற்றை ஒத்த அடைப்புகள் வருகின்றன. சுண்டெலியில் அதே முறை அவ்வளவு கடுமையான நோயைத் தருவதில்லை.

மனிதச் செல்கள் கிடைக்கும் இடத்தையும் கவனியுங்கள். நோயாளியின் தமனிச் செல் பெரும்பாலும் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சையின்போது கிடைப்பது. நோயின் கடைசிக் கட்டம், பல ஆண்டு மருந்துக்குப் பிறகு. ‘நலமான’ செல் பலமுறை, புற்றுநோய்க்காக நுரையீரல் பகுதியை நீக்கிய வயதானவரிடமிருந்து வருகிறது. அவர் புகைத்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். நோயாளியோ இளம் பெண்ணாக இருக்கலாம். வயது, பால், புகை, மருந்து நான்கும் கலந்த வித்தியாசத்தை நோயின் வித்தியாசம் என்று எழுதிவிடுவது எளிது. செல் குப்பியின் மேல் எண்ணை மட்டும் எழுதாமல், பதிவேட்டில் இவற்றையும், செல் வந்தது பெரிய தமனியிலிருந்தா சிறு கிளையிலிருந்தா என்பதையும், பாஸேஜையும் சேர்த்து எழுதுங்கள். நோய் இருப்பது சிறு கிளைகளில். கடையில் வாங்கும் செல்கள் பெரும்பாலும் பெரிய தமனியிலிருந்து எடுத்தவை. ஒரே நபரிடமிருந்து உட்சுவரும் தசையும் இரண்டும் கிடைத்தால், அந்த ஜோடியைத் தனிச் செல் சோதனைகளில் செலவழிக்க வேண்டாம். முதல் பாஸேஜிலேயே இரண்டையும் உறைய வைத்து, ஒரே பெட்டியில் அடுத்தடுத்த துளைகளில் வைத்து, சேர்த்து வளர்க்கும் சோதனைக்கென்று மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.